குடல்வால் கட்டியும் வயிற்று ஜெல்லியும்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடும் பேத்தாலஜி மருத்துவர் நான். நோயாளிகளை நான் நேரில் பார்ப்பது குறைவு. ஆனால் குடல்வால் கட்டி, அதாவது அப்பெண்டிக்ஸ் கட்டி, என்று எழுதிவிட்டால் மட்டும் வீட்டாட்கள் லேபின் கதவைத் தட்டிவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கலாம். இதை விசாரிக்க ஆள் கிடைப்பதில்லை. ரிப்போர்ட்டில் உள்ள பெயரோ ஒரு வரி நீளம்.

பல வருடங்களாக ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்யப்போவது உங்கள் அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும்தான். அவர்கள் எதிரில் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

1. "அப்பெண்டிக்ஸ்ல கூடவா கேன்சர் வரும்?"

வரும், ஆனால் அரிது. வலி, அழற்சி என்று வெட்டியெடுக்கும் நூறு குடல்வால்களில் ஏறக்குறைய ஒன்றில் ஏதாவது ஒரு கட்டி இருக்கும். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் 1993 ஜனவரியில் இறந்தது குடல்வாலில் தொடங்கி வயிற்றுக்குள் பரவிய நோயால்தான்.

பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்து, எங்கள் ரிப்போர்ட்டில்தான் கட்டி இருந்ததே தெரியவரும். அதனால் எடுத்த குடல்வாலைப் பயாப்ஸிக்கு அனுப்பாமல் விடக்கூடாது. "சாதாரண அப்பெண்டிக்ஸ்தானே, எதுக்கு இன்னொரு செலவு" என்று விட்டுவிட்டு, சில வருடம் கழித்து வயிறு உப்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பழைய திசுவும் இருக்காது, எங்கே தொடங்கியது என்று காட்ட ஆதாரமும் இருக்காது.

2. "ஸ்கேன்ல மியூக்கோசீல்னு போட்டிருக்கு. அது கேன்சரா, வெறும் கட்டியா?"

மியூக்கோசீல் என்பது நோயின் பெயர் அல்ல, தோற்றத்தின் பெயர். குடல்வாலுக்குள் சளி தேங்கி அது பிஞ்சுச் சுரைக்காய் போல உப்பியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. ரொகிடான்ஸ்கி என்ற மருத்துவர் 1842-ல் விவரித்த காலத்திலிருந்து இந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது. சளி ஏன் தேங்கியது என்பதுதான் கேள்வி. கெட்டிப்பட்ட மலம் வாயை அடைத்திருக்கலாம், பாலிப் என்ற சதை முளை இருக்கலாம், சளி சுரக்கும் கட்டி இருக்கலாம். முழுதாக எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

"ஊசி போட்டுப் பார்க்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். உடையாமல், கிழியாமல் வெளியே கொண்டுவருவதுதான் இதில் முக்கியம். ஏன் என்பது நான்காம் கேள்வியில் விளங்கும்.

3. "'லோ கிரேடு அப்பெண்டிசியல் மியூசினஸ் நியோபிளாசம்'னு எழுதியிருக்கீங்க. கேன்சர்னா கேன்சர்னு நேரா எழுத வேண்டியதுதானே?"

மறைப்பதற்காக அப்படி எழுதவில்லை. நியோபிளாசம் என்றால் புதிதாகக் கட்டுப்பாடின்றி வளரும் திசு. அது புற்றுநோயாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வழக்கமான புற்றுநோய்ச் செல்கள் வேர் போலத் திசுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இந்தக் கட்டியின் செல்கள் அப்படித் துளைப்பதில்லை. சளியைச் சுரந்து சுரந்து, அந்த அழுத்தத்தில் சுவரைத் தள்ளிக்கொண்டே வெளியே வருகின்றன. செல்லைத் தனியாகப் பார்த்தால் சாது. ஆனால் சுவர் உடைந்தால் அந்தச் சாதுவான செல்லே வயிறு முழுக்கப் போய் உட்காரும்.

இரண்டுங்கெட்டான் நடத்தை என்பதால்தான் பெயரும் அப்படி இருக்கிறது. முன்பு இதைச் 'சிஸ்ட் அடினோமா' என்று சாதாரணக் கட்டியின் பெயரால் எழுதுவோம். அதைப் படித்தவர்கள் ஒன்றுமில்லை என்று நினைத்துத் தொடர் பரிசோதனைக்கு வராமல் போனார்கள். அந்தப் பெயர் இப்போது கைவிடப்பட்டது. ரிப்போர்ட்டில் இன்னும் அதுவே இருந்தால், இன்றைய வகைப்பாட்டின்படி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சுருக்கமாக இதை எல்.ஏ.எம்.என். என்பார்கள். குடல்வாலுக்குள்ளேயே அடங்கி, உடையாமல், முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலோருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

4. "வயித்துக்குள்ள நுங்கு மாதிரி ஜெல்லி இருக்குன்னு டாக்டர் சொன்னார். அது எங்கிருந்து வந்துச்சு?"

உடைந்த குடல்வாலிலிருந்து. வெளியே வந்த சளியோடு சளி சுரக்கும் செல்களும் வருகின்றன. அவை வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்தில் ஒட்டிக்கொண்டு மேலும் சளியைச் சுரக்கின்றன. இப்படி ஜெல்லி நிறைவதைச் சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை என்பார்கள். 1884-ல் வெர்த் வைத்த பெயர் இது. அவர் பார்த்தது சினைப்பைக் கட்டியோடு வந்த நோய். குடல்வாலோடு இதைச் சேர்த்து 1901-ல் எழுதியவர் ஃபிராங்கெல். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவர் என்பதுதான் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. புதிய கணக்குகள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கின்றன.

ஜெல்லி எங்கே சேர்கிறது என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மிதக்கும் செல்கள் வயிற்றுத் திரவம் போகும் போக்கில் போகின்றன. திரவம் உறிஞ்சப்படும் இடங்களான உதரவிதானத்தின் அடிப்பகுதியிலும், குடலுக்கு முன்னே திரைபோலத் தொங்கும் ஒமெண்டம் என்ற கொழுப்பிலும், பள்ளமான இடுப்புக்குழியிலும் தங்குகின்றன. சிறுகுடல் ஓயாமல் நெளிந்துகொண்டே இருப்பதால் அதன்மேல் அவ்வளவாக ஒட்டுவதில்லை. இவ்வளவு பரவிய பிறகும் ஆபரேஷன் செய்ய முடிவது சிறுகுடல் தப்புவதால்தான். சிறுகுடல் முழுக்க ஒட்டிவிட்டால் அறுவை மருத்துவரின் முகம் மாறிவிடும்.

5. "அம்மாவுக்கு முதல்ல ஓவரி கேன்சர்னாங்க. இப்ப அப்பெண்டிக்ஸ்ங்கிறாங்க. யார் சொல்றது சரி?"

ரொம்ப வருடம் மருத்துவ உலகமே இந்தக் குழப்பத்தில் இருந்தது. பெண்களுக்கு இந்த நோய் வரும்போது சினைப்பைகள் சளிக் கட்டியாகப் பெரிதாகி ஸ்கேனில் முதலில் கண்ணில் படும். குடல்வாலோ சுண்டுவிரல் அளவுகூட இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். பெரியதுதான் ஆதி என்று நினைத்துவிடுவார்கள். 1990-களில் திசுச் சாயப் பரிசோதனையும் மரபணு ஒப்பீடும் வந்த பிறகு, பெரும்பாலோருக்கு நோய் குடல்வாலில் தொடங்கிச் சினைப்பைக்குப் போனது என்பது உறுதியானது.

ரிப்போர்ட்டில் இந்தச் சாயப் பரிசோதனையின் முடிவுகள் இருக்கும் இம்யூனோ என்ற பகுதியைப் பாருங்கள். சி.கே. 20, சி.டி.எக்ஸ். 2, சாட்பி 2 ஆகியவை பாசிட்டிவ் என்றும் சி.கே. 7 நெகட்டிவ் என்றும் இருந்தால் அது குடல் பக்கத்தைக் காட்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. முடி, பல் எல்லாம் இருக்கும் டெரட்டோமா என்ற சினைப்பைக் கட்டிக்குள்ளிருந்தும் இதே போன்ற சளிக் கட்டி எழலாம், அதன் சாயமும் குடல் மாதிரியே இருக்கும். அதனால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது குடல்வாலையும் எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தவற விடாதீர்கள்.

6. "லோ கிரேடு, ஹை கிரேடுனு எதை வச்சு முடிவு பண்றீங்க?"

வயிற்றிலிருந்து எடுத்த ஜெல்லியில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம். செல்கள் எவ்வளவு இருக்கின்றன, அவற்றின் உட்கரு எவ்வளவு கோணலாகிவிட்டது, பக்கத்துத் திசுவைத் துளைக்கின்றனவா. லோ கிரேடில் ஜெல்லிதான் நிறைய இருக்கும். அதில் அங்கங்கே ஒரு வரிசைச் செல்கள், உட்கருக்கள் ஒழுங்காக அடியில் நிற்கும். ஹை கிரேடில் செல்கள் அடர்ந்து, சல்லடை போல ஓட்டை ஓட்டையாக வளர்ந்து, பிளவுபடும் உட்கருக்களும் அதிகமாக இருக்கும்.

இதற்கும் மேலே இன்னொரு படி இருக்கிறது. 'சிக்னெட் ரிங் செல்' என்ற சொல் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். சிக்னெட் ரிங் என்பது முத்திரை மோதிரம், நம் கணையாழி. சளி செல்லுக்குள்ளேயே தேங்கி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும்போது செல் கணையாழி வடிவில் தெரியும். திசுவைத் துளைத்துக்கொண்டு இந்தச் செல்கள் போனால் நோய் முரட்டுத்தனமானது. ஆனால் ஜெல்லிக்குள் மிதந்து சிதையும் செல்களும் சில நேரம் இதே வடிவில் தெரியும். அவற்றைப் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த நோயை நிறையப் பார்த்த கண் வேண்டும். நானே சந்தேகமாக இருந்தால் இன்னொருவருக்கு ஸ்லைடை அனுப்பிவிடுவேன்.

7. "ஜெல்லி இருக்கு, ஆனா செல் இல்லைனு எழுதியிருக்கு. இது நல்ல செய்தியா?"

நல்ல செய்திதான். ஏசெல்லுலர் மியூசின் என்று எழுதியிருப்போம். சளியைச் சுரக்கும் செல் கூட வரவில்லை என்றால் அந்த ஜெல்லி பெருக வழியில்லை. இவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு, செல் இருப்பவர்களைவிடத் தெளிவாகக் குறைவு. அந்த ஜெல்லி குடல்வாலைச் சுற்றி மட்டும் இருந்ததா, தூரத்திலும் இருந்ததா என்பதையும் கேளுங்கள்.

ஆனால் 'செல் இல்லை' என்று சொல்ல நாங்கள் எவ்வளவு தேடினோம் என்பதும் முக்கியம். ஒரு கிண்ணம் ஜெல்லியில் இரண்டு துணுக்கை மட்டும் எடுத்துப் பார்த்து அப்படி எழுதினால் அதற்கு மதிப்பில்லை. நிறைய துணுக்குகளை, முடிந்தால் முழுவதையும், பார்த்திருக்க வேண்டும். "எத்தனை பிளாக் (திசுத் துணுக்கைப் பதித்த மெழுகுத் துண்டு) எடுத்தீங்க?" என்று லேபில் தாராளமாகக் கேட்கலாம்.

8. "ரெண்டு லேப்ல ரெண்டு பேர் போட்டிருக்காங்க. ஒருத்தர் தப்பா?"

இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலும் ஒருவர் பழைய பெயரிலும் மற்றவர் புதிய பெயரிலும் எழுதியிருப்பார்கள். மஞ்சள் பையில் மூன்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்த ஒரு அண்ணன், "மூணு வியாதியா மேடம்?" என்று கேட்டார். மூன்றும் ஒரே நோய்தான். அவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லை.

1995-ல் அமெரிக்கப் பேத்தாலஜி மருத்துவர் ரோனெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 109 நோயாளிகளின் திசுவைப் பார்த்து, சாதுவானதை டி.பி.ஏ.எம். என்றும் முரட்டு வகையை பி.எம்.சி.ஏ. என்றும், நடுவில் ஓர் இடைப்பட்ட வகையுமாகப் பிரித்தார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனம் லோ கிரேடு, ஹை கிரேடு என்று எழுதியது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர் என்று ஆனதால், பெரிட்டோனியப் புற்றுநோய் மருத்துவர்களின் பன்னாட்டுக் குழுவான சோகி, 13 நாடுகளைச் சேர்ந்த 71 நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு 2016-ல் ஒரு பொது வகைப்பாட்டை வெளியிட்டது. செல் இல்லாத ஜெல்லி, லோ கிரேடு, ஹை கிரேடு, சிக்னெட் ரிங் செல்லோடு கூடிய ஹை கிரேடு என்று நான்கு. டி.பி.ஏ.எம். என்று இருந்தால் அது இன்றைய லோ கிரேடு. பி.எம்.சி.ஏ. என்றால் ஹை கிரேடு, அதோடு எஸ் சேர்ந்திருந்தால் சிக்னெட் ரிங் உள்ளது. இந்த வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. "ஸ்டேஜ் ஃபோர்னு போட்டுட்டாங்க. ஸ்டேஜ் ஃபோர்னா முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்?"

இந்த நோயில் அப்படி அர்த்தம் இல்லை. இதைச் சொல்லத்தான் நான் இந்தத் தொகுப்பையே எழுத உட்கார்ந்தேன். நுரையீரல், கணையம் போன்ற புற்றுநோய்களில் ஸ்டேஜ் நான்கு என்றால் என்ன என்று ஊருக்கே தெரியும். அந்தப் பயத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். குடல்வாலைத் தாண்டி வயிற்றுக்குள் ஜெல்லி வந்துவிட்டாலே எண் நான்கு ஆகிவிடும். எண் ஒன்றானாலும் அதற்குள் இருப்பவர்களின் நிலை ஒன்றல்ல.

புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் (ஏ.ஜே.சி.சி.) ஸ்டேஜ் முறை எட்டாம் பதிப்பிலேயே இதைப் பிரித்துவிட்டது. செல் இல்லாத ஜெல்லியும், செல் இருந்தும் கிரேடு குறைந்ததும் நான்கு ஏ. வயிற்றுக்குள் பரவிக் கிரேடும் கூடினால் நான்கு பி. வயிற்றை விட்டு வெளியே போயிருந்தால் நான்கு சி. உங்கள் ரிப்போர்ட்டில் நான்குக்குப் பக்கத்தில் எழுத்து இல்லையென்றால், எந்த நான்கு என்று கேளுங்கள்.

10. "நேராவே கேக்கிறேன் டாக்டர். எத்தனை வருஷம் இருப்பார்?"

நேராகவே சொல்கிறேன். ஒரு தனி மனிதருக்கு வருடம் சொல்ல யாராலும் முடியாது. வகைக்கு வகை எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் காட்டலாம். எட்டாம் கேள்வியில் சொன்ன ரோனெட் குழு அதே 109 பேரைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் எழுதியது: ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் சாதுவான வகையில் 75 சதவீதம், இடைப்பட்டதில் 50, முரட்டு வகையில் 14. பத்து ஆண்டில் அது 68, 21, 3 ஆனது. எல்லோருமே ஜெல்லியை அகற்றி வயிற்றுக்குள் மருந்து விடும் சிகிச்சையை எடுத்தவர்கள்தான். திசுவின் வகைதான் அவர்களைப் பிரித்தது.

பிறகு சிகிச்சை நிறைய மேம்பட்டது. 2012-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பில் 16 சிறப்பு மையங்களின் 2,298 நோயாளிகள் இருந்தார்கள். பத்து ஆண்டு கடந்தவர்கள் 63 சதவீதம், பதினைந்து ஆண்டு கடந்தவர்கள் 59 சதவீதம். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், பதினாறு ஆண்டுக்குச் சற்று மேல். ஆனால் அவர்கள் பெரிய ஆபரேஷனைத் தாங்குவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்த ஆபரேஷனே முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. இணையத்தில் தனியாக ஓர் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு அழுபவர்களையும், தேவைக்கு மேல் நம்பிக்கை வைப்பவர்களையும் பார்க்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும், அது எந்தக் கிரேடு, எந்தச் சிகிச்சை பெற்றவர்கள் என்று கூடவே பாருங்கள்.

11. "கிரேடு ஒண்ணுதான். ஆனா பக்கத்து பெட்காரருக்கு நல்லாயிருச்சு, எங்க அப்பாவுக்கு ஆகலை. ஏன்?"

கிரேடு பாதிக் கதை. மீதி, எவ்வளவு பரவியிருந்தது, எவ்வளவு எடுக்க முடிந்தது என்பது. வயிற்றைச் சிறுகுடலோடு சேர்த்து 13 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் அதிகபட்சம் 39. இதற்கு பி.சி.ஐ. என்று பெயர். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்கு எதுவும் மிஞ்சவில்லை என்றால் சி.சி. 0, இரண்டரை மில்லிமீட்டருக்குள் மிஞ்சினால் சி.சி. 1, இரண்டரை சென்டிமீட்டர் வரை என்றால் சி.சி. 2, அதற்கு மேல் என்றால் 3. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த இரண்டு எண்களும் இருக்க வேண்டும். லோ கிரேடு நோயில் பி.சி.ஐ. அதிகமாக இருந்தாலும் சி.சி. 0 அல்லது 1 கிடைத்தால் நன்றாக இருப்பவர்கள் நிறைய. ஹை கிரேடில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

இந்த ஆபரேஷனை வளர்த்தெடுத்தவர் வாஷிங்டனைச் சேர்ந்த பால் சுகர்பேக்கர். நோய் படிந்த உள்ளுறையை உரித்து, ஒமெண்டத்தையும் தேவைப்படும் உறுப்புகளையும் எடுத்துவிட்டு, 41, 42 டிகிரி சூட்டில் மருந்தை ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுழல விடுவார்கள். அதுதான் ஹைபெக். பெரும்பாலும் மைட்டோமைசின் என்ற மருந்து. காலையில் உள்ளே போனவர் ராத்திரி வெளியே வருவார். பத்தாம் கேள்வியில் சொன்ன தொகுப்பில்கூட 100-ல் 2 பேர் சிகிச்சையிலேயே இறந்திருக்கிறார்கள், 24 பேருக்குப் பெரிய சிக்கல்கள் வந்திருக்கின்றன. அதனால் இதை அடிக்கடி செய்கிற குழுவிடம் போங்கள். முதல் ஆபரேஷனை அரைகுறையாகச் செய்துவிட்டால் தழும்புகளுக்குள் செல்கள் போய்ப் பதிந்து, அடுத்த ஆபரேஷன் இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும்.

12. "அப்பெண்டிக்ஸ்ல லோ கிரேடு, வயித்துல ஹை கிரேடுனு இருக்கு. எதை நம்புறது?"

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரே கட்டிக்குள் ஒரு பகுதி சாதுவாகவும் இன்னொரு பகுதி முரடாகவும் இருப்பது உண்டு. அதனால்தான் குடல்வாலுக்குத் தனியாகவும் வயிற்று ஜெல்லிக்குத் தனியாகவும் கிரேடு எழுத வேண்டும் என்று 2016 வகைப்பாடு சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், வயிற்றில் உள்ள கிரேடுதான் பெரும்பாலும் போக்கைத் தீர்மானிக்கும்.

வயிற்றில் பரவியதிலிருந்து ஊசி வழியாக எடுத்த சிறு துணுக்கில் லோ கிரேடு என்று வந்து, பெரிய ஆபரேஷனில் ஹை கிரேடு என்று மாறுவதும் இதே காரணத்தால்தான். அண்டாவில் ஒரு கரண்டி எடுத்துப் பார்ப்பதற்கும் அண்டாவைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். "முதல்ல தப்பாச் சொல்லிட்டாங்க" என்று முதல் லேபின் மேல் கோபப்பட வேண்டாம்.

13. "கேன்சர்ங்கிறீங்க, ஆனா கீமோ கொடுக்கலை. கைவிட்டுட்டாங்களா?"

இல்லை. லோ கிரேடு செல்கள் மெதுவாகப் பெருகுபவை, சளிக்குள் மூழ்கிக் கிடப்பவை. ரத்தத்தில் ஏற்றும் கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத்தான் நன்றாகத் தாக்கும். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் லோ கிரேடு நோயாளிகளை வைத்து ஒரு சிறிய சோதனை நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டது. கீமோ கொடுத்த காலத்திலும் கொடுக்காத காலத்திலும் கட்டியின் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. உடம்பு படுத்தியதுதான் மிச்சம். ஹை கிரேடு, சிக்னெட் ரிங் என்றால் கதை வேறு. அங்கே பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுப்பது போன்ற கீமோவுக்கு இடம் உண்டு.

14. "குடல்வாலை எடுத்தாச்சு. குடல்லயும் பாதி எடுக்கணும்ங்கிறாங்களே?"

எந்த வகைக் கட்டி என்று பாருங்கள். எல்.ஏ.எம்.என். என்றால் அது நிணநீர் முடிச்சுகளுக்குப் போவது மிக அரிது. வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தால் வலப்பக்கப் பெருங்குடலை எடுப்பதால் லாபம் இல்லை. துளைத்து வளரும் அடினோகார்சினோமா என்றால் முடிச்சுகளுக்குப் போயிருக்கலாம், அதனால் பெரும்பாலும் எடுப்பார்கள். எதுவாக இருந்தாலும் ஒரு முறை கொலனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ளுங்கள். குடல்வாலில் இந்தக் கட்டி உள்ளவர்களுக்குப் பெருங்குடலிலும் பாலிப்போ கட்டியோ இருக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

15. "எங்க ரிப்போர்ட்ல ஜெல்லியே இல்லை, 'கார்சினாய்டு'னு இருக்கு. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?"

பொருந்தாது. கார்சினாய்டு என்று முன்பு எழுதியதை இப்போது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்கிறோம். பெரும்பாலும் குடல்வாலின் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும், குடல்வாலை எடுத்ததோடு முடிந்துவிடும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் குடல் ஆபரேஷன் பேசுவார்கள். இடைப்பட்ட அளவுக்கு அது தேவையில்லை என்று 2023-ல் ஒரு ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

ஆனால் 'கோப்லெட் செல் கார்சினாய்டு' என்று இருந்தால் கவனம். பெயரில்தான் கார்சினாய்டு. நடத்தையில் அது அடினோகார்சினோமா. பலர் அந்தப் பெயரைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டதால், 2019-ல் உலகச் சுகாதார நிறுவனம் அதைக் 'கோப்லெட் செல் அடினோகார்சினோமா' என்று மாற்றிவிட்டது. அதற்கும் 1, 2, 3 என்று கிரேடு உண்டு.

16. "ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? பிள்ளைங்களுக்கு வருமா?"

கட்டியில் கேராஸ், ஜிநாஸ் என்ற மரபணுக்கள் மாறியிருப்பது லோ கிரேடில் சகஜம். டி.பி. 53 மாறியிருந்தால் ஹை கிரேடு பக்கம் சாயும். இவை கட்டிக்குள் நடந்த மாற்றங்கள், பிள்ளைகளுக்குப் போகாது. குடும்பத்தில் பலருக்குக் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்தால் மட்டும் அதைச் சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்கள்.

17. "ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்கார். இனியும் ஸ்கேன் எதுக்கு?"

இது மெதுவாக வரும் நோய், திரும்பினாலும் மெதுவாகத்தான் திரும்பும். முழுதாக எடுத்த பிறகும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் திரும்பி வருகிறது. சிலருக்குப் பத்து வருடம் கழித்தும் வரும். சி.டி. ஸ்கேனும், சி.இ.ஏ., சி.ஏ. 19-9, சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனைகளும் அதற்காகத்தான். ஆபரேஷனுக்கு முன் இந்த மூன்றின் அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் சிலருக்கு இரண்டாம் முறையும் ஆபரேஷன் செய்ய முடிகிறது.

18. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ரிப்போர்ட்ல கேன்சர்ங்கிற வார்த்தையை எடுத்துட முடியுமா?"

வார்த்தையை எடுக்க முடியாது. ஏன் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அவர் பத்து மணி நேர ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டும், வருடக்கணக்கில் ஸ்கேனுக்கு வர வேண்டும். பெயரே தெரியாமல் எப்படி வருவார்? ஒரு பெரியவர் மகன்களுக்குத் தெரியாமல் தனியாக என்னிடம் வந்து ரிப்போர்ட்டை நீட்டினார். ஸ்லைடைக் காட்டி லோ கிரேடு என்றால் என்ன என்று விளக்கினேன். "இவ்வளவுதானா? பசங்க முகத்தைப் பார்த்து நான் நாளை எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

19. "வேற இடத்துல காட்டணும். ரிப்போர்ட் மட்டும் போதுமா?"

போதாது. ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்குகளையும் கேளுங்கள். பிளாக் என்பது உங்கள் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டு. அதிலிருந்துதான் புது ஸ்லைடு வெட்டி, ஐந்தாம் கேள்வியில் சொன்ன சாயமெல்லாம் போட முடியும். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் லேபில் தருவார்கள். எல்லா பிளாக்கையும் வாங்க வேண்டியதில்லை. கட்டி தெரியும் பிளாக் எது என்று கேட்டு வாங்குங்கள். எண்களைக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்துத் தேவைப்பட்டால் அங்கேதான் பத்திரமாக இருக்கும்.

ஸ்லைடு கண்ணாடி, பெட்டியில் வையுங்கள். பிளாக்கைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெழுகு உருகிவிடும்.